பட்டா எதிராளி காலி... தப்பினா நாம காலி! - ஒற்றைக் குத்தும் 'டெக்கன் 8' சண்டையும்

'டெக்கன்' என்ற பெயரைக் கேட்டதும் விரல் தன்னால பரபரக்குதா? அப்படியென்றால் நீங்கள் தொண்ணூறுகளின் கடைசியிலோ, இரண்டாயிரங்களின் தொடக்கத்திலோ பள்ளிக்கூடம் போனவராக இருக்க வாய்ப்பு அதிகம். ஜின், ஹ்வாரங், யோஷிமிட்சு, கிங் என்று ஆளாளுக்கு ஒரு ஃபேவரைட் இருந்திருக்கும். எட்டியை எடுத்துக்கிட்டு, ரெண்டு கால் பட்டனையும் மாத்தி மாத்தித் தட்டியே ஜெயிச்ச பயலை இன்னிக்கு வரைக்கும் மன்னிக்காதவங்களை எனக்குத் தெரியும்.

அந்தக் கூட்டத்தில் மஞ்சள் முடியைச் செங்குத்தாக நிறுத்திக்கொண்டு ஒருத்தர் நிற்பாரே, ஞாபகம் இருக்கிறதா? பால் ஃபீனிக்ஸ். அமெரிக்கர், பைக் பிரியர், ஜூடோ தெரிந்தவர். 1994-ல் ஆர்கேடில் வந்த முதல் டெக்கனிலிருந்து இருக்கிறார். அவரைப் பிடிக்காதவர்கள்கூட அவருடைய ஒரு குத்தை மறந்திருக்க மாட்டார்கள். இரண்டு பேரும் தள்ளித் தள்ளி நிற்பார்கள். திடீரென்று பால் ஒரு எட்டு பாய்ந்து வந்து வலது கையால் ஒரே குத்து. திரையே அதிர்ந்த மாதிரி இருக்கும். பக்கத்து சீட்டில் இருக்கிற நண்பன் 'டேய்ய்ய்...' என்று இழுப்பான். அவனுடைய உயிர்க்கோட்டில் பெரிய துண்டு ஒன்று காணாமல் போயிருக்கும்.

ரசிகர்கள் அதை 'டெத் ஃபிஸ்ட்' என்பார்கள். கேமின் ஆங்கிலப் பட்டியலில் 'ஃபீனிக்ஸ் ஸ்மாஷர்'. ஜப்பானியப் பதிப்பில், ஷிங்யி என்ற சீனத் தற்காப்புக் கலையில் இருக்கும் ஒரு நேர்க்குத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள். போடுவது சுலபம். ஜாய்ஸ்டிக்கைக் கீழே தொடங்கி முன்பக்கமாகக் கால் வட்டம் சுழற்றி, வலது கை பட்டனை அழுத்தினால் போதும். பத்து வயசுப் பையன் அஞ்சு நிமிஷத்தில் கற்றுக்கொள்வான்.

எப்போது போடக் கூடாது என்பதைக் கற்றுக்கொள்ளத்தான் வருஷக்கணக்கில் ஆகும்.

சரி, ஒரு வீடியோ கேம் குத்தைப் பற்றி இப்போது எதற்கு இத்தனை பேச்சு என்கிறீர்களா? காரணம் இருக்கிறது. கடந்த ஒரு வருடமாக டெக்கன் உலகம் ரெண்டுபட்டுக் கிடக்கிறது. காசு கொடுத்து வாங்கிய ரசிகர்களே தங்கள் கேமுக்கு எதிராகக் கொடி பிடித்தார்கள். தொழில்முறை வீரர்கள் வெளிப்படையாகக் கோபப்பட்டார்கள். தயாரிப்பு நிறுவனமான பண்டாய் நாம்கோ இறங்கிவந்து பதில் சொல்ல வேண்டியதாகிவிட்டது. இத்தனை களேபரத்துக்கும் நடுவில் இருந்தது ஒரே கேள்விதான். தூரத்திலிருந்து பாய்ந்து வந்து அடிக்கிறவன், அடி தப்பினால் அதற்கு விலை கொடுக்க வேண்டுமா, வேண்டாமா?

விலை என்றால் என்ன?

கிரிக்கெட்டில் யார்க்கர் இருக்கிறதே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். சரியாக விழுந்தால் ஸ்டம்ப் பறக்கும். நூலிழை பிசகினால் ஃபுல்டாஸ், பந்து கேலரியில் கிடக்கும். கடைசி ஓவரில் யார்க்கர் போடத் துணிகிறவனை நாம் கொண்டாடுவது, அந்த ஃபுல்டாஸ் அபாயம் நமக்கும் தெரியும் என்பதால்தான். பாலின் குத்தும் அந்த ஜாதிதான்.

கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம். டெக்கன் ஒரு விநாடிக்கு 60 ஃபிரேம் வேகத்தில் ஓடும் ஆட்டம். இருப்பதிலேயே வேகமான ஜாப், அதாவது நின்ற இடத்திலிருந்து சடாரென்று விடும் சின்னக் குத்து, எதிராளியைத் தொட 10 ஃபிரேம் ஆகும். விநாடியில் ஆறில் ஒரு பங்கு. இந்தப் பத்துதான் டெக்கனின் தராசுக்கல். நீங்கள் ஓர் அடி அடிக்கிறீர்கள், எதிராளி தடுத்துவிடுகிறார். நீட்டிய கையை இழுத்து, மறுபடி தற்காப்புக்கு வர உங்களுக்குச் சில ஃபிரேம்கள் வேண்டும். அந்தத் தாமதம் எதிராளியைவிடப் பத்துக்கும் குறைவு என்றால் பிழைத்தீர்கள். பத்தைத் தொட்டால் ஒரு ஜாப் உறுதி. பதினைந்தைத் தாண்டினால் பெரும்பாலான கதாபாத்திரங்கள் உங்களை அப்படியே மேலே தூக்கிவிடுவார்கள். அப்புறம் நீங்கள் தரையில் விழுவதற்குள் காற்றிலேயே வைத்து ஏழெட்டு அடி. கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். அவ்வளவு நேரம் பந்தாடுவார்கள்!

இந்தத் தண்டனையை 'பனிஷ்' என்பார்கள். மனிதக் கண் பார்த்து, மூளை புரிந்து, விரல் அசைய விநாடியில் கால் பங்காவது ஆகும். டெக்கன் கணக்கில் பதினைந்து ஃபிரேம். அதனால் பதிலடி என்பது கண்ணால் பார்த்துக் கொடுப்பது அல்ல. 'இந்த அடியைத் தடுத்தால் எனக்கு இவ்வளவு நேரம் கிடைக்கும்' என்று முன்பே மனப்பாடமாக இருக்க வேண்டும். முப்பதுக்கும் மேற்பட்ட கதாபாத்திரங்கள், ஒவ்வொருவருக்கும் நூறு அடிக்கு மேல். அத்தனையையும் விரலில் ஏற்றி வைத்திருக்கிறவர்கள்தான் மேலே வருகிறார்கள். நம்மூரில் வாய்ப்பாடு ஒப்பித்த மாதிரிதான், தப்பாகச் சொன்னால் பிரம்படி!

டெத் ஃபிஸ்டுக்கு இரண்டு பலவீனங்கள். ஒன்று, தடுத்துவிட்டால் பால் கையை நீட்டியபடி எதிராளியின் மூக்குக்கு நேராக மாட்டிக்கொள்வார். இரண்டு, அது தண்டவாளத்தில் வரும் ரயில் மாதிரி நேர்கோட்டில் வரும். எதிராளி பக்கவாட்டில் ஓர் எட்டு விலகிவிட்டால் பாலின் விலாவும் முதுகும் திறந்து கிடக்கும். தள்ளி நின்று பாய்ந்து அடிக்கும் பெரும்பாலான அடிகளுக்கு டெக்கனில் இப்படி ஒரு கடன் பத்திரம் எழுதப்பட்டிருக்கும். பிரையன் ஃப்யூரியின் 'ஸ்நேக் எட்ஜ்' என்ற கீழ்வெட்டும் அப்படித்தான். காலைச் சீவும் அந்த உதை, பட்டால் ஆளை அந்தரத்தில் தூக்கும். ஆனால் வருவது கண்ணுக்கே தெரியும், அவ்வளவு மெதுவு. தெரிந்தும் ஜனங்கள் அதில் விழுவார்கள். ஏன்? முழு ஆட்டத்திலும் ஒருமுறைகூடப் போடாமல், நீங்கள் நின்றபடி தடுத்துப் பழகிய பிறகு, கடைசி ரவுண்டில் போடுவார்கள்.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. பெரிய அடியின் பலம் அந்த அடியில் மட்டும் இல்லை. 'போடுவானா, மாட்டானா' என்று எதிராளியை நிற்க வைக்கும் சந்தேகத்தில் பாதி இருக்கிறது. பால் சும்மா தள்ளி நிற்பதே ஒரு மிரட்டல். அந்த மிரட்டலுக்கு எதிராளி கொடுக்கும் பதில், 'போட்டுப் பார், தடுத்தால் நீ செத்தாய்'. இந்த இரண்டு மிரட்டல்களும் சமமாக இருக்கும்வரை ஆட்டம் உயிரோடு இருக்கிறது.

டெக்கன் 7-ல் இதை வைத்தே ஒரு அழகான வித்தை செய்தார்கள். இருவருக்கும் உயிர் ஊசலாடும் நேரத்தில், இருவரும் ஒரே சமயத்தில் ஒருவரை நோக்கி ஒருவர் அடியை வீசினால் காட்சி அப்படியே மெதுவாகும். கேமரா நெருங்கிப் போகும். இரண்டு கைகளும் காற்றில் நீந்தி வரும். யார் கை முதலில் தொடும்? அரங்கமே எழுந்து நிற்கும். யூடியூபில் அந்தக் காட்சிகளைத் தேடிப் பாருங்கள், கேமைப் பற்றி ஒன்றும் தெரியாத உங்கள் அம்மாகூட 'ஐயையோ' என்பார். அந்த ஒரு விநாடிக்கு அவ்வளவு கனம் வந்தது, தப்பினவனுக்கு அடுத்த விநாடி கிடையாது என்பதால்.

என்னதான் நடந்தது?

2024 ஜனவரி 26-ம் தேதி டெக்கன் 8 வெளியானது. 'ஆக்ரோஷம்'தான் இதன் மந்திரம் என்று வெளியாகும் முன்பே சொல்லிவிட்டார்கள். பார்ப்பவர்களுக்கும் விறுவிறுப்பாக இருக்க வேண்டும், ஆடுபவர்களும் முன்னேறி அடிக்க வேண்டும். அதற்காக 'ஹீட்' என்ற ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஒரு ரவுண்டில் ஒருமுறை, சுமார் பத்து விநாடிகளுக்கு உங்கள் கதாபாத்திரம் கொதிநிலைக்குப் போகும். அந்த நேரத்தில் சில அடிகளைத் தடுத்தாலும் எதிராளியின் உயிர் கொஞ்சம் கரையும். இழந்த உயிரில் ஒரு பங்கைத் திரும்பப் பெறவும் வழி வைத்தார்கள். எப்படி? அடித்தால் கிடைக்கும். பதுங்கி இருந்தால் கிடைக்காது. ஆட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று புரிகிறதா?

முதல் வருடம் பெரும்பாலானவர்கள் ரசித்தார்கள். வெளியான ஒரே மாதத்தில் 20 லட்சம் பிரதிகள் விற்றன. முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. 'அடிக்கிறவன் கை ஓங்கியே இருக்கு, தடுக்கிறவனுக்கு வேலையே இல்லை' என்பதுதான் பொதுவான குறை. இரண்டாவது சீசன் வரப்போகிறது, அதில் தற்காப்புக்கு வலு சேர்ப்போம் என்று தயாரிப்பாளர்கள் சொன்னபோது அந்த முணுமுணுப்பு அடங்கியது. எல்லோரும் காத்திருந்தார்கள்.

2025 ஏப்ரல் 1. தேதியைப் பாருங்கள், முட்டாள்கள் தினம். அன்றைக்குத்தான் அந்த அப்டேட் வந்தது. ஆடிப் பார்த்தவர்களுக்கு நிஜமாகவே ஏப்ரல் ஃபூல் பண்ணிவிட்டார்களோ என்று சந்தேகம். தற்காப்புக்கு வலு என்று சொல்லிவிட்டு, பல கதாபாத்திரங்களுக்குப் பாய்ந்து அடிக்கும் புதிய ஆயுதங்களை வாரிக் கொடுத்திருந்தார்கள் என்பது ஆட்டக்காரர்களின் குற்றச்சாட்டு. விலகினாலும் துரத்திவரும் அடிகள். தடுத்த பிறகும் அடித்தவனுக்கே அடுத்த முறை கிடைக்கும் அடிகள். 'மேலே வருமா, கீழே வருமா' என்று காசு சுண்டிப் போட்ட மாதிரி ஊகிக்க வைத்து, தவறாக ஊகித்தால் பாதி உயிரைப் பிடுங்கும் தொடர்கள்.

இன்னொன்றையும் சொன்னார்கள். முன்பெல்லாம் ஒரு கதாபாத்திரத்துக்குத் தூரத்து அடி பலம் என்றால் கிட்டத்தில் பலவீனம் இருக்கும், இப்போது எல்லோருக்கும் எல்லாம் இருக்கிறது என்றார்கள். சாம்பார், ரசம், மோர்க்குழம்பு மூன்றையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றிய கதை.

அப்புறம் என்ன? ஸ்டீம் தளத்தில் எதிர்மறை விமர்சனங்கள் மலையாகக் குவிந்தன. 'சேவ் டெக்கன்' என்று ஹேஷ்டேக் ஓடியது. வருடக்கணக்காக இதையே தொழிலாகக் கொண்ட வீரர்கள் கேமராவுக்கு முன்னால் அலுத்துக்கொண்டார்கள். இரண்டு வாரம் முடிவதற்குள் தயாரிப்புக் குழு, உங்கள் குரல் கேட்டது என்று அறிக்கை விட்டு, அதே மாதத்தில் அவசரத் திருத்தம் ஒன்றையும், மே மாதத்தில் இன்னொன்றையும் கொண்டுவந்தது. கொஞ்சம் தணிந்தது. ஆனால் போன நம்பிக்கை முழுசாகத் திரும்பிவந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 2025 டிசம்பரில், முப்பது வருடங்களாக டெக்கனின் முகமாக இருந்த கட்சுஹிரோ ஹராடா, வருடக் கடைசியோடு பண்டாய் நாம்கோவிலிருந்து விலகுவதாக அறிவித்தார். அதையும் இந்தச் சர்ச்சையையும் முடிச்சுப் போட்டுப் பேசுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை, ஒரு மனிதர் முப்பது வருடம் உழைத்த இடத்தை விட்டுப் போக ஆயிரம் காரணங்கள் இருக்கும்.

கம்பெனி பக்கமும் நியாயம் இருக்கே!

ஒரு தரப்பை மட்டும் பேசினால் சரியாக இருக்காது. டெக்கன் 7-ன் உச்சகட்டப் போட்டிகள் சிலவற்றைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 'கொரியன் பேக்டாஷ்' என்று ஒரு வித்தை உண்டு. பின்னால் துள்ளித் துள்ளி, எதிராளியின் கைக்கு எட்டாத தூரத்திலேயே நகர்ந்துகொண்டிருப்பது. கையில் வருவதற்கே மாதக்கணக்கில் பழக வேண்டும். இரண்டு பெரிய கைகள் மோதும்போது, முதல் இருபது விநாடிகள் இருவரும் பின்னால் துள்ளுவதும் முன்னால் எட்டிப் பார்ப்பதுமாகவே போகும். தெரிந்தவர்களுக்கு அது சதுரங்கம். தெரியாதவர்களுக்கு? 'என்னடா, ரெண்டு பேரும் டான்ஸ் ஆடிட்டு இருக்கானுங்க' என்று சேனலை மாற்றுவார்கள்.

புதிதாக வாங்குகிறவரின் நிலைமை இன்னும் பரிதாபம். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு ராத்திரி ஒரு மணி நேரம் விளையாட உட்காருகிறார். ஆசையாக ஒரு பெரிய குத்தைப் போடுகிறார். ஆன்லைனில் எதிரே இருப்பவர் தடுத்துவிட்டு, வானத்தில் தூக்கி வெச்சு செய்கிறார். நாலு நாள் இப்படி நடந்தால் அஞ்சாம் நாள் கேமைத் திறக்கவே மாட்டார். அவரையும் தக்கவைக்க வேண்டும், பார்வையாளரையும் இழுக்க வேண்டும் என்று நினைக்கிற கம்பெனிக்கு முதலில் தோன்றும் வழி, அந்தத் தண்டனையைக் குறைப்பதுதான்.

ஆனால் பாருங்கள், இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. புதியவரின் அடிக்கு விலையைக் குறைத்தால், அனுபவசாலியின் அடிக்கும் விலை குறைகிறதே! கேமுக்கு ஆள் பார்த்து விலை சொல்லத் தெரியாது. தப்பினாலும் ஒன்றும் ஆகாது என்றால் அனுபவசாலி எப்போது அடிப்பது என்று யோசிக்கத் தேவையில்லை, அடித்துக்கொண்டே இருப்பார். புதியவர் முன்பு தன் தவறால் தோற்றார். இப்போது என்ன நடந்தது என்றே தெரியாமல் தோற்கிறார். இரண்டில் எது கொடுமை? என்னைக் கேட்டால் இரண்டாவதுதான். முதல் தோல்வியில் நாளைக்குத் திருத்திக்கொள்ள ஏதோ ஒன்று கையில் இருக்கிறது.

ஐ.பி.எல்-ல் 2023-லிருந்து இருக்கும் 'இம்பாக்ட் பிளேயர்' விதியை எடுத்துக்கொள்ளுங்களேன். கூடுதலாக ஒரு பேட்ஸ்மேன் பெவிலியனில் காத்திருக்கிறார் என்றால், களத்தில் இருப்பவர் விக்கெட்டைப் பற்றிக் கவலைப்படாமல் சுழற்றுகிறார். ஸ்கோர் ஏறுகிறது. சிக்ஸர் பறக்கிறது. டி.ஆர்.பி-யும் ஏறலாம். ஆனால் ரோஹித் ஷர்மாவே 2024-ல், எனக்கு இந்த விதி அவ்வளவாகப் பிடிக்கவில்லை, ஆல்ரவுண்டர்கள் வளர மாட்டார்கள் என்று சொன்னார். அவுட் ஆகும் பயம் குறையக் குறைய, சிக்ஸருக்கு இருந்த மதிப்பும் குறைகிறது. பதினைந்தாவது சிக்ஸருக்கு யாராவது எழுந்து நிற்கிறீர்களா?

லாகூர்க்காரர் சொன்ன பதில்

இந்த விவாதத்தில் ஒருவரைத் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது. பாகிஸ்தானின் லாகூரைச் சேர்ந்த அர்ஸ்லான் ஆஷ். 2019 பிப்ரவரியில் ஜப்பானின் ஃபுகுவோகாவில் நடந்த 'இவோ ஜப்பான்' போட்டிக்கு அவர் வந்தபோது, வெளியுலகில் பெரும்பாலானோருக்கு அவர் யாரென்றே தெரியாது. ஜப்பானும் கொரியாவும் கோலோச்சிக்கொண்டிருந்த ஆட்டம் அது. கோப்பையைத் தட்டிக்கொண்டு போனார். போகிற போக்கில், எங்க ஊரில் என்னை மாதிரி இன்னும் நிறைய பேர் இருக்காங்க என்றார். யாரும் நம்பவில்லை. கொரியாவின் ஜாம்பவானான 'நீ' என்ற வீரர் அதைச் சோதித்துப் பார்க்கவே பாகிஸ்தானுக்கு விமானம் ஏறினார். பிரையனின் ஸ்நேக் எட்ஜை வைத்து உலகத்தையே கதறவிட்டவர் அவர். லாகூரில் பெயர் தெரியாத பையன்களிடம் அடி வாங்கித் திரும்பினார். அதே வருடம் ஆகஸ்டில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் நடந்த இவோ இறுதிப் போட்டியில் அவரையே வென்றார் அர்ஸ்லான்.

அர்ஸ்லானின் பலம் என்ன? பெரிய அடிகளை அவர் அதிகம் நம்புவதில்லை. எதிராளி போடும் பெரிய அடியை நம்புவார். ஓர் அங்குலம் பின்னால் நகர்ந்து அதைக் காற்றில் அடிக்க வைத்து, நீட்டிய கை திரும்புவதற்குள் உள்ளே புகுந்துவிடுவார். சின்ன அறையில், பழைய கன்சோலில், ஒரே ஆட்களோடு ஆயிரக்கணக்கான முறை ஆடிப் பழகுகிற இடங்களில் இந்த மாதிரி ஆட்டம் தானாக வளரும். ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் அன்றைக்கே பாடம் எடுத்துவிடுவான். விலை உயர்ந்த பயிற்சி மையங்கள் எதுவும் இல்லாத ஊர்க்காரன் உலகத்தை ஜெயித்ததற்கு டெக்கனின் இந்தத் தண்டனைக் கணக்கும் ஒரு காரணம். மனப்பாடம் பண்ணவும் பொறுத்திருக்கவும் காசு தேவையில்லையே!

அதனால்தான் விலையைக் குறைக்கிற ஒவ்வொரு அப்டேட்டும் இந்த மாதிரி ஆட்களின் வயிற்றில் கை வைக்கிறது. 'அப்படியென்றால் அவர் தோற்றுப்போனாரா?' என்று கேட்பீர்கள். அங்கேதான் ட்விஸ்ட். 2023, 2024-ஐத் தொடர்ந்து 2025 ஆகஸ்டிலும் லாஸ் வேகாஸில் அர்ஸ்லானே ஜெயித்தார். அதுவும் அந்தச் சர்ச்சைக்குரிய சீசனில், இறுதிப் போட்டியில் எதிரே நின்றதும் இன்னொரு பாகிஸ்தான்காரர்! அப்டேட்டை ஆதரிப்பவர்கள் இதைத்தான் காட்டுகிறார்கள். திறமை இருந்தால் எந்த விதியிலும் ஜெயிக்கலாம், சும்மா புலம்பாதீங்க என்கிறார்கள்.

பாதி உண்மை. உச்சியில் இருக்கிற இரண்டு பேர் எந்த மைதானத்திலும் ஜெயிப்பார்கள். கேள்வி அவர்களைப் பற்றியது அல்ல. அவர்களுக்குக் கீழே ஐம்பதாவது இடத்தில் இருக்கிறவர், ஆறு மாதம் உட்கார்ந்து ஒரு கதாபாத்திரத்தின் நூறு அடிகளுக்கும் பதிலடி பழகியவர். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எழுந்து பார்த்தால் அந்தப் பாடத்திட்டமே மாறியிருக்கிறது. பொதுத்தேர்வுக்கு முந்தின நாள் சிலபஸை மாற்றினால் உங்கள் வீட்டில் என்ன நடக்கும்? அதுதான் அங்கேயும் நடந்தது.

பந்து யாருடையது?

தெருவில் கிரிக்கெட் ஆடியிருப்பீர்கள். பேட்டும் பந்தும் யாருடையதோ அவன்தான் முதலில் பேட்டிங். அவன் அவுட்டே ஆக மாட்டான். ஆனாலும் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவானோ என்ற பயத்தில் எல்லோரும் பொறுத்துப்போவார்கள். வீடியோ கேம் போட்டிகளின் நிலைமை கிட்டத்தட்ட இதுதான். கால்பந்து யாருக்கும் சொந்தமில்லை. விதியை மாற்ற வேண்டுமென்றால் ஒரு சர்வதேச அமைப்பு கூடி, விவாதித்து, பல நாட்டு ஆட்களின் ஒப்புதலோடு மாற்றும். டெக்கன் ஒரு கம்பெனிக்குச் சொந்தம். விற்பனைக் கணக்கைப் பார்த்து முடிவெடுக்கிற அதே கம்பெனிதான், ஒரு குத்து தப்பினால் எத்தனை ஃபிரேம் தண்டனை என்பதையும் முடிவு செய்கிறது.

பொழுதுபோக்காக இருந்தவரை இது பெரிய விஷயமில்லை. இப்போது அப்படி இல்லை. 2026 செப்டம்பர் 19-ம் தேதி ஜப்பானின் ஐச்சி - நகோயாவில் தொடங்கும் ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஈஸ்போர்ட்ஸ் பதக்கப் பிரிவாக இருக்கிறது. சண்டை கேம்களுக்கான பிரிவில் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6', 'தி கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 15' ஆகியவற்றோடு டெக்கன் 8-ம் உண்டு. நம் நாட்டில் 2025 ஆகஸ்டில் நிறைவேறிய ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்துவிட்டு, ஈஸ்போர்ட்ஸைத் தனியாகப் பிரித்து விளையாட்டாக அங்கீகரிக்கிறது. 'மொபைல்ல ரம்மி ஆடுறதும் இதுவும் ஒண்ணுதானே' என்று நினைக்கும் பெற்றோர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். டெக்கனில் தப்பினால் போவது திரையில் இருக்கும் உயிர்க்கோடுதான், வீட்டு வாடகை அல்ல.

ஆனால் அரசாங்கமே விளையாட்டு என்று சொல்லிவிட்ட பிறகு, விளையாட்டுக்குக் கேட்கிற கேள்விகளை இதற்கும் கேட்கத்தானே வேண்டும்? பெரிய போட்டிக்கு எத்தனை மாதம் முன்பு விதிகள் உறுதியாக வேண்டும்? மாற்றுவதற்கு முன் வீரர்களிடம் கேட்க வேண்டுமா? கேட்டால் யாரிடம், சங்கமே இல்லாதபோது? 2025 ஏப்ரலில் அவர்களிடம் இருந்த ஒரே ஆயுதம் ஸ்டீமில் போடும் கட்டைவிரல் கீழ்நோக்கிய விமர்சனம்தான். அது வேலை செய்தது, மறுப்பதற்கில்லை. ஒவ்வொரு முறையும் ஊரைக் கூட்டிக் கத்தினால்தான் நடக்கும் என்றால் எத்தனை முறை கத்துவது?

ஒரு வேடிக்கை சொல்கிறேன். டெக்கன் 3-ன் கதைப்படி, ஓகர் என்ற அரக்கனை வீழ்த்தியது நம்ம பால்தான். 'ஜெயிச்சாச்சு' என்று பெருமையோடு நடையைக் கட்டிவிடுவார். அவர் போன பிறகு அரக்கன் நிஜ உருவத்தோடு எழுந்து வர, ஜின் வந்து முடித்து வைப்பார். உலகம் பாலைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. டெக்கன் 8-ல் பாவம், அந்தச் செங்குத்து முடியையும் தழையவிட்டுத்தான் வருகிறார். ஆனால் குத்து மட்டும் அதே குத்து. இன்னும் நேர்கோட்டில்தான் பாய்கிறார், இன்னும் ஒரே கையை நம்பித்தான்.

நகோயா போட்டிகளைப் பார்க்க நேர்ந்தால் ஒன்று செய்யுங்கள். யாராவது பாலை எடுத்து ஆடினால், அவர் தள்ளி நிற்கும்போது அவருடைய வலது கையைப் பார்க்காதீர்கள். எதிரே நிற்பவரின் காலைப் பாருங்கள். அவர் பக்கவாட்டில் விலகப் பார்க்கிறாரா, இருந்த இடத்திலேயே தடுக்க நிற்கிறாரா, அல்லது பயந்து பின்னால் போய்க்கொண்டே இருக்கிறாரா என்று. குத்து கிளம்புவதற்கு ரெண்டு விநாடி முன்னாடியே உங்களுக்கு யார் ஜெயிப்பார்கள் என்று தெரிந்துவிடும். சில சமயம் தப்பாகவும் தெரியும்!